வீடியோ எடிட்டிங் மென்பொருளில் போட்டோ எடிட் செய்யலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் விசேஷ வீடு என்றால் வீடியோவும் போட்டோவும் ஒரே ஸ்டுடியோ பொறுப்புதான். வீடியோவில் ஊறியவர்களுக்கு டாவின்சி ரிசால்வோ பிரீமியர் ப்ரோவோ கைவந்த வேலை. போட்டோஷாப் பக்கம் போனால்தான் தடுமாற்றம். அதனால் "போட்டோவையும் இதிலேயே முடித்துவிடலாமா?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளும், பெரிய வீடுகளைப் படமெடுத்துப் போடும் கல்லூரிப் பிள்ளைகளும், பழைய கேசட்டோடு வரும் வீட்டுக்காரர்களும் கேட்டவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் ரிசால்வை வைத்தே சொல்கிறேன். அதன் இலவசப் பதிப்பே நம் வேலையில் பாதிக்கு மேல் பார்த்துவிடும்.

முதலில், இது நடக்குமா நடக்காதா?

நடக்கும். வீடியோ என்பதே வரிசையாக ஓடும் படங்கள்தானே, ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். ஒரு ஜேபெக்கையோ டிஃப்பையோ பிஎன்ஜியையோ டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) போட்டால் மென்பொருள் அதை அசையாத ஒரு கிளிப்பாக எடுத்துக்கொள்ளும். கலர் வேலை செய்து, அந்த ஃபிரேமைத் திரும்பப் படமாக வெளியே எடுத்துவிடலாம்.

ஆனால் மென்பொருளைத் திறக்கும் முன்பே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் படத்தை எதில் பார்க்கப் போகிறார்கள்? செல்போனிலா, விசேஷத்தில் ஓடும் எல்இடி திரையிலா, ஆல்பத்திலா? முதல் இரண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆல்பம் என்றால் அடுத்த பதிலைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆல்பத்துக்கு ஏன் ஆகாது?

அளவுதான் காரணம். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000×4000. ரிசால்வின் இலவசப் பதிப்பு வெளியே தருவது 3840×2160 வரைதான், அதாவது சுமார் 8.3 மெகாபிக்சல். அதுவும் 16:9 வடிவம். நம் படம் 3:2 வடிவம் என்பதால் முழுப்படமும் உள்ளே அடங்க வேண்டுமென்றால் கையில் நிற்பது 3240×2160, அதாவது 7 மெகாபிக்சல். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது.

கல்யாண ஆல்பத்தில் இப்போது பரவலாக ஓடும் அளவு 12×36 அங்குலம். விரித்தால் 36 அங்குலம், ஒரு பக்கம் 18. 6000×4000 படத்தை ஒரு முழுப் பக்கத்துக்கு வைத்தால் அங்குலத்துக்கு 333 பிக்சல் கிடைக்கும். அச்சுக்கு வேண்டிய 300-ஐத் தாண்டுகிறது, தாலி மாலையான கழுத்துருவின் ஒவ்வொரு உருவும் தனித்தனியாகத் தெரியும். 3240 பிக்சல் படத்தை அதே பக்கத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 180. 3840 பிக்சல் படத்தை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரித்தால் 107தான். ஜரிகை குழம்பும், பின்வரிசையில் நிற்கும் சொந்தக்காரர்கள் முகம் மங்கிவிடும்.

அதே 3240×2160 படத்தைச் சுமார் 10×7 அங்குலத்தில் அச்சிட்டால் குறையே தெரியாது. ஆல்பத்தில் நாலைந்து படம் சேர்ந்து வரும் பக்கங்களுக்கும் போதும். முழுப்பக்கப் படங்களை மட்டும் போட்டோ மென்பொருளில் செய்யுங்கள். காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில் 4கே என்ற வரம்பு இல்லை.

டைம்லைன் அளவை எப்படி வைப்பது?

படத்தின் வடிவத்துக்கு ஏற்ப வையுங்கள். 3:2 என்றால் 3240×2160, செல்போனில் எடுத்த 4:3 என்றால் 2880×2160. அப்படியே 1920×1080 டைம்லைனில் போட்டு எக்ஸ்போர்ட் செய்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கிடைப்பது இருபக்கமும் கறுப்புப் பட்டையோடு 2 மெகாபிக்சல் படம். ஸ்டேட்டஸுக்கு மட்டும் என்றால் 1080×1920 நெடுக்கு டைம்லைன்.

பிரீமியரில் இன்னொன்று. பெரிய படத்தைச் சட்டத்துக்குள் அடக்க 'ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்', 'செட் டு ஃபிரேம் சைஸ்' என்று இரண்டு வழி உண்டு. முதலாவது, படத்தை டைம்லைன் அளவுக்குச் சுருக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். பிறகு ஜூம் செய்தால் மங்கும். இரண்டாவது, மூலப்படத்தின் பிக்சலை விடாமல் வைத்துக்கொண்டு அளவை மட்டும் குறைத்துக் காட்டும். எப்போதும் இரண்டாவதையே எடுங்கள்.

நூறு படம் போட்டேன், ஒரே கிளிப்பாக வந்துவிட்டது. ஏன்?

கேமரா படங்களுக்கு வரிசை எண் போடுகிறது. ரிசால்வ் அந்த வரிசையைப் பார்த்ததும் இது ஒரு வீடியோவின் ஃபிரேம்கள் என்று முடிவு செய்து சேர்த்துக் கட்டிவிடும். மீடியா பக்கத்தில் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து, 'ஃபிரேம் டிஸ்ப்ளே மோட்' என்பதை 'இண்டிவிஜுவல்' என்று மாற்றுங்கள். ஒவ்வொரு படமும் தனித்தனியாக வரும்.

போட்டோஷாப், லைட்ரூம் இருக்கும்போது இதைச் செய்வதில் என்ன லாபம்?

கலர். என் மனமார்ந்த பதில் அதுதான்.

நம் ஊர் வீடுகளின் வெளிச்சத்தை யோசித்துப் பாருங்கள். நடு முற்றத்தில் உச்சி வெயில் கொட்டும். அதைச் சுற்றிய வளவுப் பத்தியில் கறுத்த தேக்குத் தூண்கள், அதற்குப் பின்னால் அரை இருட்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் மனையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கன்னத்தில் முற்றத்து வெளிச்சம், மறு கன்னத்தில் வீடியோ லைட். கீழே தரையில் ஆத்தங்குடிக் கல் சிவப்பாக இருந்தால் அந்தச் சிவப்பு தாடைக்கடியில் ஏறி நிற்கும். மேலே கலர் கண்ணாடி ஜன்னல் இருந்தால் பச்சையோ நீலமோ ஒரு திட்டு தோளில் விழும்.

இதையெல்லாம் கண்ணால் மட்டும் பார்த்துச் சரி செய்ய முடியாது, ஏனென்றால் அரைமணி நேரம் பார்த்தால் கண்ணே அந்த நிறத்துக்குப் பழகிவிடும். வீடியோ மென்பொருளில் வேவ்ஃபார்ம் (வெளிச்சத்தின் அளவு), பரேட் (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக), வெக்டர்ஸ்கோப் (நிறத்தின் சாயலும் அடர்த்தியும்) என்று அளவு காட்டும் கருவிகள் உள்ளேயே இருக்கின்றன. முற்றம் எவ்வளவு வெளுத்திருக்கிறது, நிழலில் எந்த நிறம் ஏறியிருக்கிறது என்பதை அவை வரைந்து காட்டும். போட்டோ மென்பொருள்களில் ஹிஸ்டோகிராம் உண்டு. ஆனால் படத்தின் எந்தப் பக்கத்தில் எந்த நிறம் தூக்கலாக இருக்கிறது என்பதை இடவாரியாகச் சொல்வது பரேடுதான்.

அடுத்தது பவர் விண்டோ. மங்கலான ஓரம் கொண்ட ஒரு வட்டத்தை முகத்தின் நிழல் பக்கத்தில் போட்டு அங்கே மட்டும் கொஞ்சம் தூக்கலாம், இன்னொன்றை முற்றத்தில் போட்டு இறக்கலாம். ஒவ்வொரு திருத்தமும் தனி நோடில், அதாவது தனிக் கட்டத்தில், இருப்பதால் பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் அணைத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, ஒரு படத்தில் செய்ததை மற்றவற்றுக்குக் கடத்துவது. அதே வளவில், அதே வெளிச்சத்தில் எடுத்த 60 படங்களுக்கும் ஒரே கிரேடை (கலர் திருத்தங்களின் தொகுப்பை) ஒட்டிவிட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் தொட்டுக்கொள்ளலாம். அதே கிரேடை அன்றைய வீடியோவுக்கும் அடிப்படையாக வைத்துத் தொடங்கலாம். ஆல்பத்தில் புடவை அரக்காகவும் வீடியோவில் ஆரஞ்சாகவும் இருக்கிறது என்று வீட்டு ஆச்சிகள் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பேச்சே வராது.

வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறக் கோடு இருக்கிறதே, எல்லோர் முகத்தையும் அதில் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமா?

அந்தக் கோடு சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஓடுகிறது. சிவந்த நிறமோ மாநிறமோ கறுப்போ, மனிதத் தோலின் சாயல் பெரும்பாலும் அதன் பக்கத்தில்தான் விழும். மாறுவது வெளிச்சத்தின் அளவும் நிறத்தின் அடர்த்தியும். ஆகவே அந்தக் கோடு ஒருவரை வெளுக்க வைப்பதற்கான கோடு அல்ல. தோலில் பச்சையோ ஊதாவோ ஏறியிருந்தால் காட்டிக் கொடுக்கத்தான் அது இருக்கிறது.

மஞ்சள் பூசிய முகம் கோட்டிலிருந்து மஞ்சள் பக்கம் விலகி நிற்கும். அது பிழை அல்ல. அன்றைக்கு அந்த முகம் அப்படித்தான் இருந்தது. அதை இழுத்துக் கோட்டில் வைத்தால் விசேஷத்தின் மஞ்சளே போய்விடும். அதேபோல மாநிறப் பெண்ணை ஆல்பத்தில் வெள்ளையாக்கித் தருவது நம் தொழிலில் பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. வெளிச்சத்தைச் சரி செய்யுங்கள், ஆளின் நிறத்தை மாற்றாதீர்கள். இருபது வருடம் கழித்து அந்தப் பெண்ணின் மகள் ஆல்பத்தைப் புரட்டும்போது தன் அம்மாவைப் பார்க்க வேண்டும்.

சிவப்பை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றினால் முகமும் மாறுகிறதே?

நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் கருவியான குவாலிஃபையர் நிறத்தை மட்டுமே பார்க்கும், பொருளைப் பார்க்காது. ஆத்தங்குடிக் கல்லின் செம்மண் சிவப்பும், கண்டாங்கிச் சேலையின் அரக்கும், நம் தோலும் ஒரே பக்கத்து நிறங்கள். சிவப்பைப் பிடித்தால் மூன்றும் சேர்ந்து வரும். குவாலிஃபையரோடு ஒரு விண்டோவையும் சேர்த்து, தரையை மட்டும் வளைத்துக்கொள்ளுங்கள். போட்டோவில் ஆள் அசையப் போவதில்லை, டிராக் செய்யும் வேலை இல்லை. ஒரு தடவை வளைத்தால் போதும்.

எதையெல்லாம் இதில் செய்யவே கூடாது?

முகத்தில் பரு எடுப்பது, சுவரில் ஓடும் வயரை அழிப்பது, பழைய போட்டோவின் கிழிசலை ஒட்டுவது. ரிசால்வின் ஃபியூஷன் பக்கத்தில் பெயின்ட் கருவியும் குளோனும் இருக்கின்றன, முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஜிம்ப் என்ற போட்டோ மென்பொருளில் ஹீலிங் பிரஷ் வைத்து இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலைக்கு அங்கே நோடு கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஜிம்ப் இலவசம்தான்.

கட்டடப் படங்களும் அப்படியே. அகல லென்சை மேல்நோக்கிச் சாய்த்து முகப்பை எடுத்தால் தூண்கள் மேலே போகப் போக உள்ளே சாயும், தரையில் கல்லின் கோடுகள் ஓரத்தில் வளையும். லென்சின் பெயரைப் பார்த்துத் தானே வளைவை நிமிர்த்தும் வசதி லைட்ரூமிலும் இலவச டார்க்டேபிளிலும் உண்டு. கானாடுகாத்தானுக்கு வந்து வீடு வீடாகப் படமெடுக்கும் பிள்ளைகள் முதலில் அங்கே கோட்டை நிமிர்த்திவிட்டு, அப்புறம் கலருக்கு ரிசால்வுக்கு வரலாம்.

ரா கோப்பை நேரடியாகப் போடலாமா?

ரா என்பது கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பு. அதை டார்க்டேபிளிலோ லைட்ரூமிலோ திறந்து, வெள்ளைச் சமநிலையைச் சரி செய்து, 16 பிட் டிஃப்பாக மாற்றி எடுத்துவாருங்கள். எல்லா கேமராவுக்கும் ஒத்துவரும் வழி இது. ஜேபெக் 8 பிட், நிறத்தின் படிகள் குறைவு. நிழலை நிறையத் தூக்கினால் சுண்ணாம்புச் சுவரில் படிப்படியாகப் பட்டை விழும்.

வெளியே எடுத்த படம் கொஞ்சம் வெளிறியோ கறுத்தோ தெரிகிறது. எங்கே தவறு?

இரண்டு இடத்தில் தேடுங்கள். முதலாவது, கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்று வைத்து எடுத்திருக்கலாம். வீடியோவின் நிறத் தரமான ரெக் 709-ம், போன்களும் இணையமும் எதிர்பார்க்கும் எஸ்ஆர்ஜிபியும் அடிப்படை நிறங்களில் ஒன்றுதான். அடோபி ஆர்ஜிபி அவற்றைவிட அகலமானது, முக்கியமாகப் பச்சையில். அதை மாற்றாமல் போட்டால் வாசலில் கட்டிய வாழை மரம் சோர்ந்து தெரியும். உள்ளே கொண்டுவரும் முன் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது காமா, அதாவது இடைப்பட்ட வெளிச்சம் திரையில் எவ்வளவு தூக்கலாகத் தெரிய வேண்டும் என்ற கணக்கு. வீடியோவுக்கு 2.4 என்று வைத்து வேலை செய்வது வழக்கம். போட்டோவைப் பார்க்கும் திரைகள் 2.2-ஐ ஒட்டியவை. போட்டோ மட்டும் செய்கிற புராஜெக்ட்டில் டைம்லைனையும் வெளியீட்டையும் எஸ்ஆர்ஜிபி என்று வைத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் அடங்கிவிடும். எதற்கும் ஒரு படத்தை உங்கள் போனுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு மீதியைச் செய்யுங்கள்.

முடித்த படங்களை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டுமா?

இல்லை. ஒன்றிரண்டு என்றால் கலர் பக்கத்தில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'கிராப் ஸ்டில்', பிறகு கேலரியில் அதைப் பிடித்து 'எக்ஸ்போர்ட்'. நிறைய இருந்தால் எல்லா கிளிப்புக்கும் ஒரே தடவையில் ஸ்டில் எடுக்கும் வசதி அதே மெனுவில் உண்டு. கேலரியில் மொத்தமாகத் தேர்ந்து ஒரே எக்ஸ்போர்ட்டில் முடித்துவிடலாம். கூடவே ஒவ்வொரு படத்துக்கும் டிஆர்எக்ஸ் என்று ஒரு சிறிய கோப்பு விழும். அழித்துவிடாதீர்கள், உங்கள் கிரேடு அதில்தான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அதே வீட்டில் வளைகாப்பு வந்தால் உதவும்.

ஓடுகிற வீடியோவிலிருந்தே போட்டோ எடுத்துவிட்டால் என்ன? தனியாகப் போட்டோகிராஃபர் எதற்கு?

4கே ஃபிரேம் அளவில் மோசமில்லை. குறை அளவில் இல்லை, அசைவில் இருக்கிறது. 25 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டர் 1/50 என்று வைப்பது வழக்கம். வீடியோவுக்கு அதுதான் அழகு. ஆனால் திருப்பூட்டும்போது (தாலி கட்டும்போது) அசையும் கை, திரும்பும் தலை எல்லாம் அந்த ஃபிரேமில் இழுபட்டிருக்கும். நிறத்தையும் வீடியோ கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) பாதிக்கு மேல் சுருக்கித்தான் சேமிக்கிறது, அதனால் சிவப்புப் பட்டின் ஓரம் நசநசவென்று இருக்கும்.

ஸ்டில் எடுக்கப் போகிறோம் என்று முன்பே தெரிந்தால் ஷட்டரை 1/100-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் ஒரு விநாடிக்கு 100 தடவை துடிக்கிறது. 1/50-ம் 1/100-ம் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகும், பட்டை விழாது. எடிட் மேசையில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, கை ஒரு கணம் நிற்கிற இடத்தைப் பிடியுங்கள். கட்டி முடித்து நிமிரும் அந்த நொடியில் பெரும்பாலும் ஒன்று மாட்டும்.

இருந்தாலும் தனி போட்டோகிராஃபருக்கு இது மாற்று இல்லை.

"எங்க ஐயா முகம் இந்தக் கல்யாணக் கேசட்டுலதான் இருக்கு. அதுலேர்ந்து போட்டோ எடுத்துத் தர முடியுமா?"

முடியும். இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். நிறைய வீடுகளில் பர்மாவிலும் மலேயாவிலும் ஸ்டுடியோவில் எடுத்த பெரியவர்கள் படம் சுவரில் இருக்கிறது. ஆனால் எண்பது, தொண்ணூறுகளில் வாழ்ந்து மறைந்தவர்களின் கடைசிக் காலத்து முகம் விஎச்எஸ் வீடியோ கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது.

முதலில் கேசட்டைத் திருப்பி அதன் சிறு ஜன்னல் வழியாக டேப்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தால் ஓட்டவே வேண்டாம். டேப்பும் அறுந்து, டெக்கின் (கேசட்டை ஓட்டும் கருவியின்) ஹெட்டும் கெட்டு, அதே டெக்கில் அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டிவிடும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். புது டெக் வாங்கவும் வழியில்லை. விசிஆர் எனப்படும் இந்த டெக்கைச் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. வேலை செய்யும் டெக் யாரிடமாவது இருக்கும்போதே முழு கேசட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள்.

ஏற்றியபின் கிடைக்கும் ஃபிரேம் 720×576. அதில் இரட்டைப்படை வரிகள் ஒரு கணத்தையும் ஒற்றைப்படை வரிகள் 1/50 விநாடி தள்ளி அடுத்த கணத்தையும் காட்டும். அதனால்தான் அசையும் முகத்தின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரிகிறது. விஎல்சி பிளேயரில் இந்த வரிகளைச் சரி செய்யும் டீஇன்டர்லேஸை இயக்கிவிட்டு, படத்தை நிறுத்தி, 'டேக் ஸ்னாப்ஷாட்' கொடுத்தால் அந்தச் சீப்பு போய்விடும். பிறகு அளவைப் பாருங்கள். படம் 720×576 ஆகவே வந்திருந்தால் முகம் கொஞ்சம் ஒல்லியாக இருக்கும். 768×576 ஆக்கினால்தான் சரியான முகம்.

இனி படத்தின் இரைச்சல். ஐயா பட்டாலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் இடமாகப் பார்த்து, அடுத்தடுத்த நான்கு ஃபிரேம்களை எடுங்கள். ஜிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக லேயராக வைத்து, கீழிருந்து ஒபாசிட்டியை (ஒளிபுகாமையை) 100, 50, 33, 25 சதவீதம் என்று வையுங்கள். நான்கும் சராசரியாகி, புள்ளிப் புள்ளியாகத் துடித்த இரைச்சல் பாதியாகக் குறையும், முகம் அப்படியே நிற்கும். இதையே ரிசால்வின் ஸ்டுடியோ பதிப்பில் டெம்பரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் தானே செய்யும். அதன்பின் கலரைக் கொஞ்சமாகத் தொடுங்கள். விஎச்எஸ்ஸில் சிவப்பு வழிந்திருக்கும், அதை மட்டும் இறக்கினாலே போதும்.

பெரிதாக்கி மாட்ட ஆசைப்படுவார்கள். 4×6 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம் என்பதே என் யோசனை. பெரிய சட்டம்தான் வேண்டுமென்றால் சுற்றிலும் வெள்ளை அட்டை விட்டு, நடுவில் சின்னதாக வையுங்கள். பட்டாலைச் சுவருக்கு அது எடுப்பாகவே இருக்கும்.

ஏஐ வைத்துத் தெளிவாக்கலாமே?

இரைச்சல் குறைக்க, ஓரத்தைக் கூராக்க ஓரளவு பயன்படுத்தலாம். முகத்தைத் தெளிவாக்கும் வசதி வேறு விஷயம். டேப்பில் கண் என்பது நாலைந்து புள்ளிதான். மீதியை அது எங்கெங்கோ பார்த்த முகங்களிலிருந்து வரைகிறது. கண் பளிச்சென்று இருக்கும், பல் வரிசையாக இருக்கும், ஆள் வேறாக இருப்பார். செய்துதான் ஆக வேண்டும் என்று வீட்டில் கேட்டால், மூல ஃபிரேமையும் கூடவே கொடுத்து, எது எது என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

செல்போனிலேயே முடித்துக்கொள்ளலாமா?

போட்டோ என்றால் ஸ்னாப்சீட் இலவசம், நன்றாகவே செய்யும். கைன்மாஸ்டர் மாதிரி வீடியோ ஆப்பில் எடுக்கும் ஃபிரேமின் அளவை மட்டும் கேலரி விவரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மூலத்தைவிடச் சிறியதாக விழுவது உண்டு. அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கம்ப்யூட்டர் எப்படி இருக்க வேண்டும்?

ரிசால்வுக்கு 16 ஜிபி ராமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் இருந்தால் நிம்மதி. போட்டோவுக்கு மட்டும் என்றால் இதைவிடக் குறைந்த மெஷினில் டார்க்டேபிளும் ஜிம்பும் ஓடும்.

எக்ஸ்போர்ட் செய்த படங்கள் எல்லாம் இன்றைய தேதியில் போய் நிற்கின்றன. என்ன செய்வது?

வீடியோ மென்பொருள் வழியாக வெளியே வரும் படத்தில் எக்சிஃப் விவரம் கூடவே வராது. எடுத்த தேதி, கேமரா, லென்ஸ் எல்லாம் அதோடு போய்விடும். எக்சிஃப்டூல் என்ற இலவசக் கருவி மூலப்படத்திலிருந்து இந்த விவரங்களைப் புதுப்படத்துக்கு நகலெடுத்துத் தரும். அது வராது என்றால் கோப்பின் பெயரையே தேதி, ஊர், விசேஷம் என்ற வரிசையில் வையுங்கள். கேசட்டிலிருந்து எடுத்த படம் என்றால் கேசட் உறையில் எழுதியிருக்கும் தேதியையும், படத்தில் இருப்பவர் வீட்டுக்கு என்ன முறை என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.